பதின்ம வயதும் ஆபத்துகளும்: சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வார இறுதித் துணைப்பாட வகுப்புகளில் தொண்டூழியம் செய்துவருகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் பெற்றோர் சிலர் தயங்கித் தயங்கி அருகில் வருவார்கள். கணக்குப் பாடத்தில் தொடங்கும் பேச்சு கொஞ்ச நேரத்தில் வேறு எங்கோ போய் நிற்கும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவரவர் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

பிள்ளையின் உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 995ஐ அழையுங்கள். மனம் உடைந்த நிலையில் பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் 1767 (எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு அமைப்பு), 1771 (தேசிய மனநல உதவி எண்) ஆகிய இரண்டிலும் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

1. இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் மாறத்தானே செய்வார்கள்? இதில் பயப்பட என்ன இருக்கிறது?

மாறத்தான் செய்வார்கள், மாறவும் வேண்டும். அறைக் கதவைச் சாத்திக்கொள்வது, அப்பா சொன்னதை மறுத்துப் பேசுவது, கோயிலுக்கு வரமாட்டேன் என்பது, வீட்டாரைவிட நண்பர்களைப் பெரிதாக நினைப்பது எல்லாம் வளர்ச்சியின் பகுதி.

கவனிக்க வேண்டியது வேறு. விளைவை எண்ணிப் பார்த்து நம்மைத் தடுத்து நிறுத்தும் முன்மூளைப் பகுதி 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. பரபரப்புக்கும் பாராட்டுக்கும் ஏங்கும் பகுதிகளோ பூப்படையும் காலத்திலேயே விழித்துக்கொள்கின்றன. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் அவருடன் பணியாற்றிய ஒருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டைப் பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் துணிந்து எடுத்த ஆபத்து பெரிதும் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தனியே இருக்கும்போது தெளிவாக யோசிக்கும் அதே பிள்ளை, நான்கு பேர் நடுவில் வேறு முடிவு எடுப்பான். "அவனுக்கே தெரியுமே, பிறகு ஏன் செய்தான்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

2. ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. மூத்தவன் நன்றாக இருக்கிறான், இளையவன் மட்டும் ஏன் இப்படி?

வீடு ஒன்றாக இருந்தாலும் இருவரும் வாழ்ந்த வீடு ஒன்றல்ல. மூத்தவனுக்குப் பதின்மூன்று வயதானபோது அப்பாவுக்கு நிலையான வேலை இருந்திருக்கும், பாட்டி உயிரோடு இருந்திருப்பார். இளையவனுக்கு அந்த வயது வந்தபோது ஆட்குறைப்பும் கடனும் வீட்டில் சண்டையும் இருந்திருக்கலாம். படிப்பில் பின்தங்குவது, பள்ளியில் கேலி, வாடகை வீடு மாறியதால் பழைய நண்பர்களை இழந்தது என்று ஒவ்வொன்றாகச் சேரும். ஒன்றிரண்டு இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். பல ஒன்றுகூடும்போதுதான் தடுமாறுகிறார்கள். அப்போது கெட்ட நட்பு வந்து கதவைத் தட்டினால் திறந்துவிடுகிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, மனநோய், சண்டை எல்லாம் சூழ்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல, நிதானமான பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, தங்களை விட்டுவிடாத ஒரு பெரியவர். அவர் தாயாகவோ தந்தையாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாத்தா, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராகவும் இருந்தார்.

3. சரி, இயல்பான மாற்றம் எது, ஆபத்தின் அறிகுறி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாள் கோபத்தை வைத்து எடை போடாதீர்கள். மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா, ஒரே நேரத்தில் வீட்டிலும் பள்ளியிலும் தெரிகிறதா என்று பாருங்கள். உயிராக நேசித்த இணைப்பாட நடவடிக்கையைத் திடீரென்று விடுவது, உறக்கமும் பசியும் தலைகீழாவது, பழைய நண்பர்கள் அனைவரும் ஒரே மாதத்தில் மறைந்து பெயர் சொல்லாத புது நண்பர்கள் வருவது, இந்த ஊர் வெக்கையில் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, கணக்குக் காட்ட முடியாத பணமோ பொருளோ கையில் இருப்பது, ஆசையாகச் சேர்த்ததைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவற்றை நான் கவனிக்கச் சொல்வேன்.

சத்தம் போடும் பிள்ளையை எல்லோரும் கவனிக்கிறோம். வாய் திறக்காமல், சொன்னதைச் செய்துகொண்டு, மெல்ல மெல்ல மங்கிப்போகும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. "அவளால் எந்தத் தொந்தரவும் இல்லை" என்று ஒரு தாய் சொல்லும்போதுதான் எனக்குக் கூடுதலாகக் கேட்கத் தோன்றும்.

4. கைத்தொலைபேசியை வாங்கிச் சோதிக்கலாமா? இருப்பிடம் காட்டும் செயலியைப் போட்டுவிடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நீண்ட பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இதுதான்.

பிள்ளை எங்கே இருக்கிறான், யாருடன் இருக்கிறான் என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகவே சிக்கலில் மாட்டுகிறார்கள் என்று ஆய்வுகள் நெடுநாளாகச் சொல்லிவந்தன. அதனால் கண்காணிப்பதே தீர்வு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் 2000இல் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றோருக்கு அந்த விவரங்கள் எப்படித் தெரியவந்தன என்று அவர்கள் கேட்டார்கள். கட்டுப்பாட்டாலோ துருவிக் கேட்டதாலோ தெரிந்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி பிள்ளைகள் தாங்களாகச் சொன்னதால் தெரிந்தது.

நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். உங்கள் வீட்டில் உண்மையைச் சொன்னால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று பிள்ளை ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுகிறான். விலை அதிகம் என்றால் மறைப்பான். செயலி போட்டால் தொலைபேசியை நண்பன் வீட்டில் வைத்துவிட்டு வேறிடம் போகத் தெரிந்த பிள்ளைகள் இவர்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. 12 வயதுப் பிள்ளைக்கு முதல் தொலைபேசி கொடுக்கும்போதே விதிகளைச் சேர்ந்து எழுதுங்கள். எதைப் பார்ப்பீர்கள், எப்போது பார்ப்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 16 வயதில் அந்த உரிமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உயிர் ஆபத்து என்று வலுவான சந்தேகம் இருந்தால் தயங்காமல் பாருங்கள், பார்த்ததை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள். திருட்டுத்தனமாகப் பார்ப்பது மட்டும் வேண்டாம். ஒரு முறை பிடிபட்டால் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் வாய் திறக்க ஆண்டுகள் ஆகும்.

5. அவன்தான் எதையும் சொல்வதே இல்லையே! கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறான்.

எதிரே உட்கார வைத்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் அது விசாரணைபோல் ஆகிவிடும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில், தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு நடக்கையில், இரவு பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடக் கீழே இறங்கும்போது பேச்சு தானாக வரும். "பள்ளி எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. "உங்கள் வகுப்பில் யாரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பிறர் கதையைச் சொல்லத் தொடங்கி, நடுவில் தன் கதைக்கு வந்துவிடுவார்கள்.

சொன்ன பிறகு வரும் முதல் பத்து நிமிடம் மிக முக்கியம். அந்த நேரத்தில் அறிவுரை வேண்டாம், உங்கள் இளமைக்கால வீரக்கதை வேண்டாம், "அன்றைக்கே சொன்னேனே" என்பது வேண்டவே வேண்டாம். "என்னிடம் சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். தண்டனை தேவைப்பட்டால் மறுநாள் பேசலாம். பிள்ளை தானாக ஒப்புக்கொண்ட தவற்றுக்கும் நீங்கள் பிடித்த தவற்றுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால், அடுத்த முறை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

6. இரவு இரண்டு மணி வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வது?

பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இந்த வயதில் உறக்கம் வரும் நேரமே இயற்கையாகத் தள்ளிப்போகிறது என்பதால், ஒன்பது மணிக்குப் படுக்காததைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். தொலைபேசி மட்டும் இரவில் படுக்கையறைக்கு வெளியே மின்னூட்டம் ஏறட்டும், பெற்றோரின் தொலைபேசியும் சேர்த்து. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கை நேரத்திலும்கூடக் கைத்தொலைபேசிக்கு அனுமதி இல்லை. பள்ளி வைத்த ஒழுங்கை வீடு கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடியும்.

7. மதிப்பெண் குறைந்ததைச் சொன்னால்கூட அழுகிறாள். நாங்கள் அதிகமாக அழுத்தம் கொடுக்கிறோமா?

பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டுவிட்டன. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் முறை மாறியது. 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்களிலிருந்து மாணவர்களைத் தரம் பிரித்த பழைய மூன்று பிரிவுகளும் போய்விட்டன. கல்வி அமைச்சு குறைத்த அழுத்தத்தைத் துணைப்பாட நிலையமும் உறவினர் ஒப்பீடும் திரும்ப ஏற்றிவிடுகின்றன. தீபாவளி விருந்தில் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும் உறவினரை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பிள்ளை காதுபடவே நிறுத்தச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணைச் சொல்லவே அஞ்சும் பிள்ளை, இதைவிடப் பெரிய ஒன்றை உங்களிடம் சொல்லுமா என்பதுதான் என் கவலை. நான்காம் கேள்வியில் சொன்ன கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

8. நானும் மனைவியும் ஷிஃப்ட் வேலை. பிள்ளை பள்ளி முடிந்து மாலை ஏழு வரை தனியாகத்தான் இருக்கிறான். என்ன செய்ய முடியும்?

இதைக் குற்ற உணர்வோடு கேட்காதீர்கள். உழைக்கும் வீடுகளின் உண்மை நிலைமை இது. ஆனால் மேற்பார்வை இல்லாத அந்தச் சில மணி நேரம்தான் வாரத்திலேயே அதிகக் கவனம் தேவைப்படும் நேரம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் 14 வயது வரையுள்ளவர்களுக்கும் மாணவர் பராமரிப்பு நிலையங்கள் உண்டு, வருமானத்துக்கு ஏற்பக் கட்டண உதவியும் உண்டு. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு இணைப்பாட நடவடிக்கை, சமூக மன்ற விளையாட்டு, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகள், இளையர் நடவடிக்கைகள் ஆகியவற்றால் வாரத்தில் மூன்று மாலைகளையாவது நிரப்பப் பாருங்கள். வீட்டுச் செலவே சிக்கல் என்றால் அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். உதவி கேட்பது மானக்கேடு என்று நினைத்துத் தள்ளிப்போட்ட குடும்பங்களில் விலை கொடுத்தது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

9. பையில் மின்சிகரெட் கிடைத்தது. "எல்லோரும் பிடிக்கிறார்கள், வெறும் வாசனைதான்" என்கிறான்.

வெறும் வாசனை இல்லை. பெரும்பாலானவற்றில் நிக்கோட்டின் இருக்கிறது. அதைவிட மோசமானது எட்டோமிடேட். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து அது. பறிமுதல் செய்யப்பட்ட 100 மின்சிகரெட்டுகளைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் அது இருந்ததாக 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் அறிவித்தார். பிள்ளைகள் 'கேபாட்' என்று சொல்வது இதைத்தான். நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வலிப்பு, மூச்சுத் திணறல் வரை போகும். அப்படிப் பார்த்தால் உடனே 995ஐ அழையுங்கள்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் வாங்குவதும் 2018 பிப்ரவரி முதலே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் சி பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. அதே நாளில் நடப்புக்கு வந்த விதிப்படி, முதன்முறை பிடிபடும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 500 வெள்ளி அபராதம். மறுமுறை பிடிபட்டால் கட்டாய மறுவாழ்வுத் திட்டம். எட்டோமிடேட் என்றால் நிலைமை இன்னும் கடுமை.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. பிடிபடுவதற்கு முன் தானாக முன்வந்து விட்டொழிக்க உதவி கேட்பவர்மீது நடவடிக்கை இல்லை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 எண்ணை அழைக்கலாம். பையில் கண்ட அன்றே அடித்து, பொருளைக் குப்பையில் போட்டு, "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிவிட்டு முடித்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அடிமைப்பட்ட உடலுக்குச் சத்தியம் போதாது, சிகிச்சை வேண்டும்.

10. "தாய்லாந்தில் கஞ்சா சட்டப்படி சரிதானே" என்று கேட்கிறாள்.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். உட்கொண்டதற்கு 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். விடுமுறைப் பயணத்துக்கு முன் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

11. நண்பன் ஒருவன் வங்கிக் கணக்கை ஒரு வாரம் கொடுத்தால் 300 வெள்ளி தருவதாகச் சொன்னானாம். கொடுத்தால் என்ன?

மோசடிக் கும்பல் ஏமாற்றிய பணத்தை நகர்த்தப் பிள்ளைகளின் கணக்குகளைத் தேடுகிறது. 15 வயதில் அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் கிடைத்துவிடுகிறது என்பதால் உயர்நிலை 3, 4 மாணவர்கள் எளிதில் சிக்குகிறார்கள். சிங்பாஸ் விவரத்தைப் பிறருக்குக் கொடுத்தால் மூன்றாண்டு வரை சிறையோ 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். மோசடிக்குக் கணக்குக் கொடுத்து உதவியவர்களுக்குப் பிரம்படியும் விதிக்க வழிசெய்யும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2025 நவம்பரில் நிறைவேற்றியது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், பிறகு போலிசில் புகார் கொடுங்கள். சந்தேகம் கேட்க 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண் இருக்கிறது.

12. புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் பையன்களோடு சேர்ந்திருக்கிறான். "அண்ணன்கள்" பார்த்துக்கொள்வார்கள் என்கிறான்.

அந்த அண்ணன்கள் அவனுக்குக் கொடுப்பது என்ன என்று முதலில் பாருங்கள். சாப்பாடு, மரியாதை, "உன்னை யாராவது தொட்டால் நாங்கள் இருக்கிறோம்" என்ற வாக்கு. பள்ளியில் அடிவாங்கும் பையனுக்கு இது பெரிய வரம். அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பாமல் "அவர்களோடு சேராதே" என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டான். சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதற்கே மூன்றாண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதே வாரத்தில் பள்ளி ஆலோசகரைப் பார்த்து, பள்ளியில் அவனை யார் துன்புறுத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். காற்பந்து, சிலம்பம், உறுமி மேளம் என்று அவன் உடம்பும் ரோஷமும் போய்ச் சேர ஓரிடம் தேடுங்கள். நல்ல பயிற்றுவிப்பாளர் ஒருவர் கிடைத்தால், இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்தப் பெரியவர் கிடைத்துவிட்டார்.

13. மகளின் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். செய்திகளை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு போலிசில் புகார் கொடுங்கள். ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு, பரப்புவேன் என்று மிரட்டுவதும் குற்றமே. 18 வயதுக்குக் கீழ் எடுக்கப்பட்ட படங்கள் பெரிய தளங்களில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை அனுப்பத் தேவையில்லை. கைரேகைபோல் அதை அடையாளம் காட்டும் ஓர் எண் குறியீடு மட்டுமே அங்கே போகும்.

மகளிடம் இன்றிரவு சொல்ல வேண்டியது "மிரட்டுகிறவன்தான் குற்றவாளி" என்பது மட்டுமே. ஏன் அனுப்பினாய் என்ற பேச்சைப் பல வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். மகன் உள்ள பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். வகுப்புத் தோழியின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிட்ட பையனும் சட்டத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவருடன் உடலுறவு, இருவரும் விரும்பினாலும், குற்றம் என்பதையும் மகன் மகள் இருவருக்கும் வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள்.

14. நாங்கள் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம்? பிரம்பை எடுக்காமல் எப்படி?

நன்றாக வளர்ந்தவர்கள் அடியால் வளர்ந்தார்களா, அடியையும் மீறி வளர்ந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். அடித்து வளர்க்கப்படும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பதினான்கு வயதுப் பையன் பிரம்புக்கு அஞ்சித் திருந்துவதை நான் பார்த்ததில்லை. இன்னும் கவனமாக மறைக்கக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காயம்படும் அளவுக்குப் போனால் அரசாங்கம் தலையிடும், அது சரியும்கூட. கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பே சொன்ன விதி, முன்பே சொன்ன விளைவு, அதை ஆத்திரமில்லாமல் நிறைவேற்றும் பெற்றோர். இதற்குப் பிரம்பைவிட அதிக மனவுறுதி வேண்டும்.

15. கையைக் கீறிக்கொள்கிறாள். தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்ததாக ஆகிவிடாதா?

ஆகாது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்கின்றன. ஏற்கெனவே இருந்தால், தனியாகச் சுமந்த பாரத்தை இறக்கிவைக்க வழி பிறக்கும். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அதே சொற்களில், அமைதியான குரலில் கேளுங்கள். "இல்லை" என்றால் அவளை நம்புங்கள், அடுத்த வாரமும் கேளுங்கள். "ஆம்" என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்துகளைப் பூட்டி வையுங்கள். அன்றே 1767ஐ அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கீறிக்கொள்ளும் எல்லோரும் சாக விரும்புவதில்லை. தாங்க முடியாத உணர்வை அந்த நிமிடம் கடக்க அப்படிச் செய்பவர்கள் அதிகம். ஆனாலும் அதை "கவனம் ஈர்க்கும் நாடகம்" என்று ஒதுக்கக் கூடாது. கவனம் தேவைப்படும் பிள்ளைக்குக் கவனம் கொடுப்பதில் என்ன தவறு? சிங்கப்பூரில் 10 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் தற்கொலை. போலிசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல.

16. ஆலோசகரைப் பார்த்தால் பதிவில் ஏறிவிடுமா? வேலை, தேசிய சேவை, நாளை சம்பந்தம் பேச வருபவர்கள்...

பள்ளி ஆலோசகரிடம் சொல்வது சான்றிதழில் வராது. உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் தேவையானவர்களிடம் சொல்வார்கள். தேசிய சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் உண்மையைச் சொல்வது பிள்ளைக்குப் பாதுகாப்பு. எந்தப் பணி பொருந்தும் என்று முடிவெடுக்க அது உதவும். வேலை விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2020 முதல் இருக்கிறது. 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டமும் நடப்புக்கு வரும்போது மனநலப் பிரச்சினை உள்ளவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும்.

16 வயதுக்கு மேற்பட்டவர்கள் மனநலக் கழகத்தின் 'சாட்' என்ற இளையர் மனநல மையத்தையும் நாடலாம். சம்பந்தம் பேச வருபவர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பத்தாண்டு கழித்து வரப்போகும் யாரோ ஒருவருக்காக இன்று துடிக்கும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

17. உறவுக்காரர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக மகள் சொல்கிறாள். வீட்டில் யாரும் நம்பவில்லை. குடும்பம் உடைந்துவிடுமே?

நம்புங்கள். பிள்ளைகளைத் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலோர் முன்பின் தெரியாதவர்கள் அல்லர். வீட்டுக்கு வந்துபோகும், எல்லோரும் மதிக்கும் ஒருவராக இருப்பதால்தான் பிள்ளை இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப விவரம் கேட்டுத் துருவாதீர்கள், அந்த ஆளை நேரில் அழைத்து வைத்து விசாரிக்காதீர்கள். முதல் வேலை, அவர் இனி அந்தப் பிள்ளையின் அருகில் வர முடியாமல் செய்வது. கல்யாணம், கருமாதி என்று எந்த நிகழ்வும் இதற்கு விதிவிலக்கு அல்ல. பிறகு 1800 777 0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு எண்ணை அழையுங்கள், எந்நேரமும் ஆள் இருப்பார்கள். போலிசில் புகார் கொடுக்கவும் வழிகாட்டுவார்கள்.

குடும்பத்தை உடைத்தவர் அந்தத் தவற்றைச் செய்தவர். சொன்ன பிள்ளைமேல் அந்தப் பழியைப் போட எவருக்கும் உரிமை இல்லை, பாட்டிக்கும் இல்லை.

18. நம் இந்தியப் பிள்ளைகள்தான் அதிகம் சிக்குகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஆபத்து ரத்தத்தில் இல்லை, சூழலில் இருக்கிறது. இரண்டாம் கேள்வியில் சொன்ன சுமைகளை எந்த இனத்துப் பிள்ளைமேல் ஏற்றினாலும் தடுமாறும். இந்திய மாணவர்களின் கல்விநிலை குறித்த கவலையை நம் சமூகம் மூடி மறைக்காமல் ஆராய்ந்ததால்தான் 1991இல் சிண்டா உருவானது. கவலையைத் திட்டமாக மாற்றிய சமூகம் நாம். "நம் பிள்ளைகளே இப்படித்தான்" என்று பிள்ளைகள் காதுபடப் பேசுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நம்மைப் பற்றி இதைத்தானே எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கும் பையன், அந்த எதிர்பார்ப்பையே நிறைவேற்றிவிடுவான்.

19. எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். இரவில் வீட்டுக்கே வருவதில்லை. நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா?

இளையர் நீதிமன்றத்தில், சொல்லுக்கு அடங்காத பிள்ளைகளுக்கான குடும்ப வழிகாட்டுதல் ஆணைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்க முடியும். ஆனால் அதற்கு முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் திட்டத்தை முடிக்க வேண்டும். அந்தத் திட்டத்திலேயே பல குடும்பங்களுக்கு வழி பிறந்துவிடுகிறது என்பதால் அதைச் சடங்காக நினைக்காதீர்கள். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சோ குடும்பச் சேவை நிலையமோ வழி சொல்லும். "உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பேன்" என்று கோபத்தில் மிரட்டிவிட்டுப் பிறகு எதுவும் செய்யாமல் இருப்பது மட்டும் கூடாது.

20. நான் பெற்றோர் இல்லை, அத்தை. அண்ணன் மகன் என்னிடம்தான் எல்லாம் சொல்கிறான். அண்ணனிடம் சொல்லட்டுமா, வேண்டாமா?

நீங்கள்தான் நான் இரண்டாம் கேள்வியில் சொன்ன ஆள். அந்த இடத்தை இழந்துவிடாதீர்கள். உயிர், உடல், சட்டம் ஆகியவற்றுக்கு ஆபத்து இல்லாத செய்தி என்றால் அது அவனுடையதாகவே இருக்கட்டும். ஆபத்து என்றால் மறைக்க முடியாது என்பதை அவனிடமே முதலில் சொல்லுங்கள். "இதை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா, இருவரும் சேர்ந்து சொல்லலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பார்கள். அவன் இல்லாத நேரத்தில் அண்ணனைத் தனியே பார்த்து, கேட்டு முடிக்கும் வரை குறுக்கே பேசக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மூவரும் சேர்ந்து பேசும்போது பையன் பக்கத்தில் உட்காருங்கள்.